பச்சை மாப்பிள்ளைமார்

பிரதாபன் கலியாணம் கட்டிய நாளிலிருந்து புதுக்குடியிருப்பு மாப்பிள்ளைமாருக்கு ஒரு வருத்தம் பிடித்துக்கொண்டது. கலியாண அல்பத்துக்குள் படமாய்ப் போனதும் முகம் பச்சையாகிவிடும். பொம்பிளைக்கு ஒன்றுமில்லை. அவள் கூறைச் சேலையோடு பளிச்சென்று நிற்பாள். பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை மட்டும் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் கஞ்சி குடித்து எழும்பி வந்தவர் போல இருப்பார். கட்டப்போகிறவர் எவ்வளவு சிவலையாய் இருந்தாலும் தப்பவில்லை.

அந்த அல்பங்களைச் செய்வது பிரதாபனின் மனைவி யதுர்ஷிகா. ஊரில் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் படங்களைச் சீடியில் போட்டு அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் கொம்பியூட்டரில் முகங்களைத் துலக்கி, பின்னால் நீர்வீழ்ச்சி, ரோசாத்தோட்டம், கேட்டால் பனிமலைகூட வைத்து, பெயர்களை வளைத்து எழுதி, திருப்பிச் சீடியில் அடித்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் அனுப்புவாள். அங்கே அச்சடித்து வரும்போதுதான் மாப்பிள்ளை பச்சை. நெடுங்கேணியில் தாய் வீட்டில் இருந்து அவள் செய்த அல்பங்களில் ஒரு மாப்பிள்ளையும் பச்சையானதில்லை. பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கில் தனியே நடுவில் நின்ற பிள்ளைகளின் அல்பங்களிலும் குறையில்லை. புருசன் வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் கலியாண அல்பத்தில் மட்டும், இந்தக் கூத்து.

பிரதாபனுக்குத் தொழில் லவுட்ஸ்பீக்கர். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, எதற்கும் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டிகளும் லைற்றுகளும் ஜெனரேற்றரும்தான். ஊருக்குக் கரண்ட் இல்லாவிட்டாலும் இவன் வீட்டில் கொம்பியூட்டர் ஓடியது அதனால்தான். வலு நல்ல சுபாவம். கோபம் வருவது ஒரே ஒரு விசயத்துக்கு. ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டப் பாட்டுக் கசற்றை எவனாவது வைத்துவிட்டால் போதும், அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவான். மற்றபடி என்னத்தைக் காட்டினாலும் "வடிவா இருக்கு" என்பான். குழம்பு உப்புக் கரித்தாலும் வடிவாக இருக்கும், யதுர்ஷிகா தலைமயிரை விரித்துப் போட்டாலும் வடிவாக இருக்கும், முடிந்துகொண்டாலும் வடிவாக இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது.

அவனிடம் இருந்த பெட்டிகளில் ஒன்று ராசியான பெட்டி. நெடுங்கேணித் திருவிழாவில் எல்லாப் பெட்டிகளையும் வீதிப் பக்கம் வைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் யதுர்ஷிகா வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துப் பாட்டுப் போட்டவன் அவன். பத்து நாள் திருவிழாவில் அவளுக்குக் காது அடைத்துப்போனது, மனமும் போனது. கலியாணமாகி அவள் கொம்பியூட்டரோடு வந்து இறங்கியபோது வீட்டில் மேசை இல்லை. பிரதாபன் அந்தப் பெட்டியையே கொண்டுவந்து படுக்கப் போட்டு, மேலே பூப்போட்ட துணி விரித்து, மொனிட்டரை அதில் தூக்கி வைத்தான்.

"ஒரு மேசை செய்விச்சா என்னப்பா?" என்று அவள் கேட்டாள்.

"இந்தப் பெட்டி மாதிரி ஒரு மேசை இந்த வன்னியிலேயே கிடையாது, தெரியுமே" என்றான் அவன்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பெட்டி வாடகைக்குப் போனதேயில்லை. திருவிழாக் காலத்தில் பெட்டி போதாமல் ஆட்கள் வந்து கெஞ்சினாலும் "அது வீட்டுச் சாமான்" என்றுவிடுவான். பின்னேரத்தில் வேலை முடிந்தால் இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்து கார் ஓடுகிற கேம் விளையாடுவார்கள். ஒரே கீபோர்ட்டில் அந்த முனை அவளுக்கு, இந்த முனை இவனுக்கு. வெல்லுவது எப்போதும் அவள்தான். தோற்பதும் இவனுக்கு வடிவாகத்தான் இருந்தது.

பச்சை மாப்பிள்ளைமார் வரவர இரண்டு பேருக்கும் சிரிப்புக் குறைந்தது. கடைசியாக வந்து நின்றவர் மீனம்மா. அவருடைய மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. சண்டை நின்று பாதை திறந்திருந்ததால் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். அல்பத்தின் ஒரு பிரதி கனடாவுக்கும் போயிருந்தது.

"பிள்ளை, குறை விளங்காதையும்" என்று மீனம்மா அல்பத்தை மடியில் விரித்தார். "சம்மந்தி ரெலிபோன் எடுத்தவா. என்ர பிள்ளைக்கு அங்கை என்னத்தைச் சமைச்சுக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"மாமி, என்ர மொனிட்டரிலை அவர் நல்ல நிறமாத்தான் இருந்தவர்."

"உமக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்." மீனம்மா குரலைத் தணித்தார். அவர் கெட்ட மனுசியில்லை. "கொம்மாவுக்கும் நிறந்தானே பிள்ளை முதல் போனது? நேரத்தோடை ஒருக்காக் கண்ணைக் காட்டும். எனக்கு ஆவணி முடியிறதுக்கிடையிலை திருத்தித் தந்தாப் போதும்." கூறைச் சேலையில் வெட்டிய ஒரு துண்டையும் தந்துவிட்டுப் போனார், நிறம் பார்த்துச் செய்யட்டும் என்று.

யதுர்ஷிகாவின் தாய் இராசேஸ்வரிக்குச் சீனி வருத்தம். முதலில் குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. பிறகுதான் மிச்சமெல்லாம் போனது. இப்போது மகள் வந்தால் குரலை வைத்துத்தான் பிடிப்பார். யதுர்ஷிகா அதை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே இவ்வளவு காலமும் இருந்தவள். மீனம்மா படலையைச் சாத்திக்கொண்டு போனதும் அவள் கூறைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நிழலில் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன நிறம்?"

"அரக்கு."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"வடிவான அரக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பின்னேரம் கார் ஓடவும் வரவில்லை. பிரதாபன் தனியே ஓடி, தனியே தோற்றான். அது அவனுக்குத் தாங்கவில்லை. புது அம்பிளிபயர் வாங்கவென்று அவன் ஒதுக்கி வைத்திருந்த காசு இருந்தது. காலையில் எழும்பி, முகம் கழுவாமலே சொன்னான்: "உம்மட கண்ணிலை ஒரு கோதாரியுமில்லை. மொனிட்டர்தான் கிழண்டிப்போச்சு. வெளிக்கிடும், வவுனியாவுக்குப் போய் இருக்கிறதுக்குள்ளை திறமானதா ஒண்டு வாங்குவம்."

வவுனியாவில் சரீப் நானாவின் கடை. முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்துக்குப் போய், இப்போது இங்கே கடை போட்டிருக்கிறவர். புதுக்குடியிருப்பிலிருந்து ஆள் வந்தால் விலை சொல்ல முதல் அங்கே கடல் எப்படி, மழை எப்படி என்று கேட்பார். கேட்டுவிட்டு அன்றைக்கு வந்திறங்கியதைக் காட்டினார். புத்தகம் போல மெல்லிசான மொனிட்டர்.

"தம்பி, இதுதான் இப்ப கொழும்பிலை ஓடுற சாமான். ஒரு கையாலை தூக்கலாம். கரண்டும் கொஞ்சம்."

பிரதாபன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தூக்கிப் பார்த்தான். பின்பக்கம் போய், மிச்சம் எங்கே என்று தேடினான். சரீப் நானா அதிலே கார் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். முதல் வளைவு வரைக்கும் பிரதாபனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புழுகம். வேகம் எடுத்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"என்ன நானா, கார் போன பிறகும் அதின்ர ஆவி பின்னாலை வருது?"

"அது கொஞ்சம் இருக்கும் தம்பி. பழகிடும்."

யதுர்ஷிகா தன் சீடியைப் போட்டு மீனம்மா மகளின் படத்தைத் திறந்தாள். கைப்பைக்குள் இருந்த கூறைத் துண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். நேரே இருந்து பார்த்தாள். கதிரையை இடப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். எழும்பி நின்று பார்த்தாள், குந்தி இருந்து பார்த்தாள். கடையில் நின்ற சனம் மொனிட்டரை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கியது. பிரதாபனுக்கு அதுவும் வடிவாகத்தான் இருந்தது.

"நானா, நிண்டா ஒரு அரக்கு, இருந்தா ஒரு அரக்கு, மாப்பிள்ளையும் அப்பிடித்தான். ஆளைப் பாத்து நிறம் மாறுற சாமான் எனக்குச் சரிவராது" என்றாள் அவள்.

சரீப் நானா சிரித்துவிட்டு மூலையில் இருந்த மற்றதைக் காட்டினார். பழைய மாதிரிப் பெட்டி மொனிட்டர்தான், ஆனால் முகம் கண்ணாடிபோலத் தட்டை, அகலமும் பெரிது. பத்திரிகைக்குப் பக்கம் செய்கிறவர்கள் விரும்பி வாங்குவது என்றார். இரண்டு பேர் பிடித்துத்தான் மேசையில் ஏற்றினார்கள். போட்டதும் "டொங்" என்றது. படம் ஒருக்கால் நடுங்கி நிமிர்ந்தது.

கூறை அரக்கு. நின்றாலும் அரக்கு, குந்தினாலும் அரக்கு. துண்டைப் பக்கத்தில் பிடித்தால் எது துணி, எது திரை என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் கனடா மாப்பிள்ளை, கழுத்திலே மாலையோடு, பச்சைப் பசேலென்று நின்றார்.

"பச்சை" என்றாள் யதுர்ஷிகா. "இஞ்சை பாருங்கோப்பா, பச்சை. எனக்குத் தெரியுது."

"ஓம், நல்ல பச்சை" என்றான் பிரதாபன்.

"அல்பத்திலை இருக்கிற அதே பச்சை. அப்ப பழைய மொனிட்டர்தான் பொய் சொல்லியிருக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை பச்சையாய் இருப்பதற்கு ஒரு பொம்பிளை இவ்வளவு சந்தோசப்பட்டதை சரீப் நானா தன் சீவியத்தில் கண்டதில்லை. சந்தோசத்தோடேயே மொனிட்டரைக் கட்டிக் கொடுத்தார்.

ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் அந்தப் பக்கமும் திறந்து பார்த்தார்கள், இந்தப் பக்கமும் திறந்து பார்த்தார்கள். பிரதாபன் இரண்டு பக்கமும் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கொடுத்து, தூக்கி வாங்கினான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை இரண்டும் விறைத்துப்போனது. பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்கு வந்து, ஜெனரேற்றரைப் போட்டு, பூப்போட்ட துணியை உதறி விரித்து, ராசியான பெட்டியின் மேல் புது மொனிட்டரை ஏற்றினார்கள். யதுர்ஷிகா அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு அதே சீடியைப் போட்டு அதே படத்தைத் திறந்தாள்.

மாப்பிள்ளை நல்ல நிறமாய் இருந்தார்.

அவள் சீடியை எடுத்துத் துடைத்துத் திருப்பிப் போட்டாள். மாப்பிள்ளை இன்னும் நல்ல நிறமாய், சுகதேகியாய், சிரித்துக்கொண்டு நின்றார்.

"கடையிலை பச்சையா இருந்தவர்" என்றாள்.

"ஓம், இருந்தவர்."

"இப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

பிரதாபன் பார்த்தான். மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. அது அவனுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் தெரிந்ததைச் சொன்னான்: "வடிவா இருக்கிறார்."

அதுதான் பிழையாய்ப்போனது. குழம்புக்கும் வடிவு, தலைமயிருக்கும் வடிவு என்று சொன்ன வாயை எப்படிச் சாட்சிக்குக் கூப்பிடுவது? அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால் அவன் தாங்கியிருப்பான். இருந்தது கோபமில்லை.

"எனக்காகச் சொல்லாதேங்கோ" என்றாள். "அதே மொனிட்டர், அதே சீடி. மாறினது என்ர கண்தான். அம்மாவுக்கும் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது, அப்பிடித்தான் துவங்கினது. நாளைக்கு இதைக் கொண்டுபோய் நானாவிட்டைக் குடுத்திட்டு உங்கட அம்பிளிபயரை வாங்குங்கோ. இனி நான் அல்பம் செய்யேல்லை."

"விசர்க் கதை கதையாதையும்."

"மீனம்மா மாமிக்கும் சொல்லிவிடுங்கோ, வேறை ஆளைப் பாக்கச் சொல்லி."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். பிரதாபன் கதிரையில் இருந்து அந்த மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவரைச் சட்டையில் பிடித்து உலுக்கி, நீர் என்ன நிறமடாப்பா என்று கேட்கவேணும் போல் இருந்தது. அவளுடைய கண் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் அப்போதுதான் முதல்முதலாக நினைத்தான். போனால் போகட்டும், கைபிடித்துக் கூட்டிக்கொண்டு திரிவேன் என்று ஒரு மனம் சொன்னது. கார் ஓட்டத்தில் பிறகு யாரிடம் தோற்பது என்று மற்ற மனம் அழுதது.

விடிந்து வெயில் ஏற முதல் நடராசா லான்ட்மாஸ்டர் உழவு மெசினோடு வந்து நின்றார். அம்மன் கோயில் தலைவர். திருவிழாவுக்கென்று முந்தாநாள் ஏற்றிப்போன பெட்டிகளில் ஒன்று இருமுகிறதாம், வேறொன்று உடனே வேணுமாம்.

"வேறை பெட்டி இல்லை அண்ணை" என்றான் பிரதாபன்.

"உள்ளுக்கை கிடக்கிறது?"

"அது வீட்டுச் சாமான்."

"குடுங்கோ" என்று உள்ளேயிருந்து யதுர்ஷிகாவின் குரல் வந்தது. "இனி அதிலை வைக்க என்ன கிடக்கு? அம்மனுக்கு எண்டு கேக்கிறார், குடுங்கோ."

அவன் மறுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. இராமுழுக்க ஓடிக்கொண்டிருந்த மொனிட்டரை நிறுத்தி, இரண்டு பேரும் ஒவ்வொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் இறக்கினார்கள். பிரதாபன் பெட்டியை அணைத்து இழுத்து வாசல்வரை கொண்டுபோனான். நானாவிடம் திருப்பிக் கொடுக்கிற சாமானுக்கு இறக்கினதில் ஏதும் பழுது வந்ததோ என்று பார்க்க, யதுர்ஷிகா கட்டிலில் வைத்தபடியே மொனிட்டரைப் போட்டாள். "டொங்" என்று நடுங்கிப் படம் வந்தது.

மாப்பிள்ளை பச்சையாய் இருந்தார்.

அவள் கண்ணைக் கசக்கினாள். பச்சை. கூறைத் துண்டை எடுத்துப் பிடித்தாள். அரக்கு. திரும்பி வாசலைப் பார்த்தாள். புருசன் அந்தக் கறுத்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் நின்றான்.

"இஞ்சேருங்கோ" என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டியை ஒருக்கா இஞ்சாலை கொண்டு வாங்கோ."

"ஏன்?"

"கேள்வி கேளாமல் கொண்டு வாங்கோ."

அவன் பெட்டியை இழுத்துக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தான். படத்தின் இடப்பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் கன்னத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. கழுத்துக்கு ஏறியது, நெற்றிக்கு ஏறியது. பச்சையும் சிவப்பும் கலந்து நல்ல மனித நிறத்தில் வந்து நின்றார். வலப்பக்கத்தில் பொம்பிளை மாறாமல் நின்றாள். பெட்டியை இழுத்தால் பச்சை, தள்ளினால் நிறம்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த நடராசா, "மாப்பிள்ளை வெக்கப்படுறார்" என்றார்.

பிரதாபனுக்கு முகம் செத்துப்போனது. அந்தப் பெட்டிக்குள் கிடக்கிற காந்தத்தின் குணம் ஊரில் அவனைப்போல ஒருவருக்கும் தெரியாது. கசற்றில் இருக்கிற பாட்டையே அழித்துவிடுகிற சாமான் அது. தாலி கட்டின பிறகு பொம்பிளையை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிறுத்துவதுதான் முறை, அதனால் எந்தக் கலியாணப் படத்திலும் மாப்பிள்ளை வந்து நிற்பது பார்க்கிறவருக்கு இடப்பக்கம். அந்தப் பக்கத்துக்கு நேர் கீழேதான் காந்தம் கிடந்தது. அது ஏற்றிய சிவப்பை யதுர்ஷிகா ஒன்றரை வருசமாய் மாப்பிள்ளைமாரின் முகத்திலிருந்து குறைத்துக் குறைத்துத் திருத்தியிருக்கிறாள். சிவப்புப் போனால் அச்சில் மிஞ்சுவது பச்சை.

"நான்தான்" என்றான் அவன். "கசற்றை வைச்சவனுக்கு அடிக்கப் போற விசரன், உம்மட மொனிட்டரைக் கொண்டுபோய் அதுக்கு மேலை வைச்சனே."

அவள் கட்டிலில் ஏறிச் சப்பாணி கட்டி இருந்துகொண்டு மவுஸைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கனடா மாப்பிள்ளை காய்ச்சல் மாறி எழும்பினார். கறுப்புமில்லை, சிவப்புமில்லை, கடற்கரைப் பக்கத்துப் பெடியன் ஒருவனின் சாதாரண நிறம்.

"அண்ணை, இனிப் பெட்டியை ஏத்துங்கோ" என்றாள் நடராசாவிடம். "திருப்பிக் கொண்டுவந்தா வெளியிலை இறக்குங்கோ."

ராசியான பெட்டி ஒன்றரை வருசத்துக்குப் பிறகு வாடகைக்குப் போனது. லான்ட்மாஸ்டர் படலையைத் தாண்டும்போது யதுர்ஷிகா முற்றத்துக்கு வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நடராசா அண்ணை கட்டியிருக்கிற சாரம் நீலம்" என்றாள்.

"ஓம்."

"மெசின்ர மட்கார்ட் சிவப்பு. கழுவாத சிவப்பு."

"ஓம்."

"வேலியிலை நிக்கிற செவ்வரத்தை, அது வேறை சிவப்பு. கொடியிலை காயுற துவாய் பச்சை. முத்தின மாங்காய்ப் பச்சை." கண்ணீர் பொலுபொலுவென்று ஓடியது, துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கு எல்லாம் தெரியுதப்பா."

"ஓம், ஓம்" என்றான் அவன். அவனுக்கும் கண் மங்கியது.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொல்லுவியள்."

"அப்ப நான் போட்டிருக்கிற சேட்டைப் பாத்துச் சொல்லும். என்ன நிறம்?"

அவள் திரும்பி, பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்ததில் நெஞ்செல்லாம் புழுதி பிடித்திருந்த சேட்டை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள்.

"ஊத்தை" என்றாள்.

"ஓம்" என்றான் பிரதாபன்.